மலையில் ஓடிப் பழகியவர் சமவெளிப் புழுக்கத்தில் ஓட: முதல்முறை இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டிசம்பர் மாதம் காலை ஆறரை மணிக்குக் கோத்தகிரியிலிருந்து கோடநாடு சாலையில் ஓடக் கிளம்பினால் கையுறை வேண்டும். பத்து கிலோமீட்டர் முடித்துத் திரும்பும்போதும் பனியனில் முதுகுப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத்தான் நனைந்திருக்கும். இந்தக் குளிரிலேயே ஓடிப் பழகியவர், டிசம்பரில் கோவையிலோ ஜனவரியில் சென்னையிலோ நடக்கும் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கும்போது, "அங்கேயும் குளிர்காலம்தானே, அதுவும் சமதளம்" என்று நினைப்பது இயல்பு. நானும் அப்படி நினைத்துத்தான் சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் என் முதல் அரை மாரத்தானுக்கு (21 கிலோமீட்டர்) போனேன்.

விடியுமுன்னே தொடங்கிவிட்டார்கள். முதல் ஐந்து கிலோமீட்டரை ஊரில் ஓடுவதைவிட வேகமாக ஓடினேன். மூச்சு வாங்கவே இல்லை. எட்டாவது கிலோமீட்டரில் ஷூவுக்குள் சளக் சளக்கென்று சத்தம். மழை இல்லை, காலில் வழிந்த வியர்வை சாக்ஸுக்குள் இறங்கித் தேங்கியிருந்தது. பதிமூன்றாவதில், வெயில் முகத்தில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, கையில் மயிர் சிலிர்த்துக் குளிர் நடுக்கம் வந்தது. தலை லேசாகச் சுற்ற, நடைபாதை ஓரம் உட்கார்ந்துவிட்டேன். தன்னார்வலராக நின்றிருந்த ஒரு அக்கா பிடரியில் தண்ணீரை ஊற்றி, "எழுந்திரிக்காதீங்க தம்பி, இப்படியே இருங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அன்று ஓட்டம் அங்கேயே முடிந்தது.

அதற்குப் பிறகு எங்கள் ஊரிலிருந்து கீழே ஓடப் போகும் ஒவ்வொருவரிடமும் நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். நிற்காமல் பத்து கிலோமீட்டர் ஓடக்கூடியவர், ஓட்டத்துக்கு ஐந்தாறு வாரம் கையில் வைத்திருப்பவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இதய நோய், இரத்த அழுத்தம், சர்க்கரை இருப்பவர்களும், சிறுநீர் பெருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். வெப்பத்தில் அந்த மாத்திரைகளின் வேலை மாறும்.

மூச்சை நம்பாதீர்கள்

மலைக்காரர்களுக்கு மட்டும் உள்ள சிக்கல் இது. சமவெளியில் வளர்ந்தவருக்கான ஆலோசனைகளில் இது இருக்காது.

கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இன்னும் குறைவு. அந்தக் காற்றில் ஓடிப் பழகிய நெஞ்சுக்குச் சென்னைக் காற்று தாராளமாகக் கிடைக்கும். வேகம் கூடினாலும் மூச்சு வாங்காது. ஊரில் நமக்கு மூச்சுதான் கடிவாளம்; கீழே அந்தக் கடிவாளம் கழன்றுவிடுகிறது. போன வருடம் என்னோடு வந்த பையன் ஒருவன், "அண்ணா, மூச்சே வாங்கல, அதான் போய்க்கிட்டே இருந்தேன்" என்றான். நான் சொல்லியிருந்தும் அவனுக்கு அப்படி ஆனது. முதல் அரை மணி நேரம் உடம்பு அத்தனை சுகமாக இருக்கும். அந்த அரை மணி நேரத்தில் சேர்ந்த சூடு இரண்டாவது மணி நேரத்தில்தான் கணக்குக் கேட்கும்.

சூடு எங்கிருந்து வருகிறது? ஓடும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகத்தான் வெளிவருகிறது. 60 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 10 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 600 கலோரி செலவு. அதில் 450க்கு மேல் வெறும் சூடு. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் 580 கலோரி அளவுக்குச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். கோத்தகிரியில் குளிர்ந்த காற்றே பெரும்பகுதியை எடுத்துவிடுவதால் வியர்வைக்கு அதிக வேலை இல்லை. கீழே வியர்வையை விட்டால் வேறு வழியில்லை.

அந்த வியர்வை ஆவியாக வேண்டும் என்பதுதான் முக்கியம். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுவது உடம்பைக் குளிர்விக்காது. ஐப்பசி மழையில் நம் வீட்டுக் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாமல் ஈரவாடை அடிக்குமே, காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் அப்படி. நமக்கு அந்த ஈரம் குளிரோடு சேர்ந்து வருவதால் ஓடுவதற்குத் தொந்தரவில்லை. கடற்கரை ஊரில் அதே ஈரம் வெப்பத்தோடு சேர்ந்து வருகிறது. துணி காயாத நாளில் தோலும் காயாது. அதனால் டிகிரியை மட்டும் பார்க்காதீர்கள். ஈரப்பதத்தையும் சேர்த்துப் பாருங்கள். 2019இல் தோஹாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் நடத்தினார்கள். வெயிலே கிடையாது. ஆனால் வெப்பம் 30 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். ஓடிய 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. அத்தனை பேரும் அவரவர் நாட்டின் முதல் வரிசை வீராங்கனைகள்.

முதல் வேலை: வியர்வையை அளப்பது

ஓடப் போகுமுன் சிறுநீர் கழித்துவிட்டு, உள்ளாடையோடு எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடுங்கள். திரும்பி வந்து உடம்பைத் துடைத்துவிட்டு, அதேபோல மறுபடி எடை பாருங்கள். குறைந்த எடையோடு, இடையில் குடித்த தண்ணீரையும் கூட்டினால் அதுதான் உங்கள் ஒரு மணி நேர வியர்வை. ஒரு கிலோ என்றால் ஒரு லிட்டர்.

இதை மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை செய்யுங்கள். எனக்குக் கோத்தகிரியில் 62.4 கிலோ 61.9 ஆனது, எதுவும் குடிக்கவில்லை, அரை லிட்டர் வியர்வை. மேட்டுப்பாளையத்தில் 62.3 கிலோ 61.0 ஆனது, நடுவில் 300 மில்லி குடித்திருந்தேன், ஆக 1.6 லிட்டர். மூன்று மடங்கு. இந்த எண்ணைப் பார்க்கும்வரை, "ஊரில் தண்ணீர் இல்லாமலே ஓடுவேனே" என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை. குளிர்ப் பிரதேசத்தில் தாகம் குறைவு. டீ குடித்தே நாளை ஓட்டும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தப் பழக்கத்தை ஓட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே மாற்றத் தொடங்குங்கள்.

ஐந்தாறு வாரத்துக்கு முன்: ஊரிலேயே தொடங்கலாம்

வழக்கமாக விடியலில் ஓடுபவர் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஓட்டத்தை நண்பகலுக்கு மாற்றுங்கள். பனியனுக்கு மேல் முழுக்கை பனியன் ஒன்று, அதற்கு மேல் சாதாரண ஜெர்கின். 40 நிமிடம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். வியர்வை நன்றாக வழிய வேண்டும், அது போதும். ரெயின்கோட், பிளாஸ்டிக் தாள் போன்றவற்றைச் சுற்றிக்கொண்டு ஓடாதீர்கள். எடை குறையும் என்று சிலர் செய்கிறார்கள். ஆவியே வெளியேற முடியாமல் குளிர்நாட்டிலும் உடம்புச் சூடு ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும்.

ஜெர்கினுக்குள் ஓடுவது அரைப் பழக்கம்தான் தரும். முழுப் பழக்கத்துக்குக் கீழே இறங்கத்தான் வேண்டும்.

கடைசி இரண்டு மூன்று வாரம்: கீழே இறங்குவது

உடம்பு வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். முதல் நான்கைந்து நாளில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், அதனால் அதே வேகத்தில் இதயத்துடிப்பு குறையும். அடுத்த வாரத்தில் வியர்வை முன்கூட்டியே வரத் தொடங்கும், அளவும் கூடும், அதில் போகும் உப்பு குறையும். வியர்வை கூடுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பழக்கம் பிடித்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ சொந்தக்காரர் வீட்டில் பத்து நாள் தங்க முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. முடியாதவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் ஏறி இறங்கலாம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர்தான். அதற்குள் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம் இறங்கிவிடுகிறோம். குன்னூர்க்காரர்களுக்கும் மேட்டுப்பாளையம்தான், கொடைக்கானல்காரர்கள் வத்தலகுண்டு போகலாம்.

டிசம்பர் என்றால் காலை பத்து மணிவாக்கில் ஓடுங்கள். மார்ச்சுக்குப் பிறகு அந்த நேரம் வேண்டாம்; ஏழு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். சித்திரை வைகாசியில் நடுப்பகல் வெயிலில் ஓடிப் பழகுவது யாருக்கும் தேவையில்லாத ஆபத்து.

முதல் நாள் 30 நிமிடம், மெதுவாக. மூன்றாவது நாளிலிருந்து ஒவ்வொரு முறைக்கும் பத்து நிமிடம் கூட்டி, கடைசியில் 75 முதல் 90 நிமிடத்துக்கு வந்தால் போதும். கிலோமீட்டரைக் கணக்கு வைக்காதீர்கள், நேரத்தை மட்டும் வையுங்கள். கைக்கடிகாரத்தில் வேகத்தைப் பார்த்தால் மனசு கேட்காது, விரட்டும். நான் கீழே ஓடும்போது முதல் வாரத்தில் கிலோமீட்டருக்கு அரை நிமிடத்திலிருந்து முக்கால் நிமிடம் வரை மெதுவாகிவிடுவேன். அதை அப்படியே ஏற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

வேகப் பயிற்சியைக் கீழே செய்யாதீர்கள். விரட்டி ஓடும் துண்டு ஓட்டங்கள், மேடேறும் பயிற்சி எல்லாம் மலையில், குளிரில். வெப்பத்தில் வேகம் எடுத்தால் கால் முழுத் திறனுக்கு வருமுன்பே சூடு நிறுத்திவிடும். வேகமும் கிடைக்காது, பழக்கமும் கிடைக்காது. ஒரே நாளில் பஸ்ஸில் இறங்கி வெப்பத்தையும், திரும்பி ஏறிக் குளிரையும் தொட முடிகிற நமக்கு இது பெரிய வசதி. சென்னையில் இருப்பவருக்குக் குளிர் வேண்டுமென்றால் ஒரு ராத்திரிப் பயணம்.

சமதளத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மலைச்சாலையில் ஏற்றத்தில் ஒரு தசை, இறக்கத்தில் வேறு தசை என்று மாறி மாறி வேலை செய்யும். சமதளத்தில் ஒரே அடி, ஒரே தசை, 21 கிலோமீட்டருக்கும். ஓய்வே இல்லை. கீழே ஓடும் நாட்களில் காலுக்கும் அதைக் கற்றுக்கொடுங்கள். அதற்காக மலைப்பாதையில் கீழ்நோக்கி ஓடியே இறங்கிவிடலாம் என்று எண்ண வேண்டாம். தொடை முன்தசை கிழிபட்டு ஒரு வாரம் படிக்கட்டு இறங்க முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. கோத்தகிரி மலைச்சாலையில் இருக்கும் குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழக் காலத்தில் யானைகள் சாலைக்கே வரும். குன்னூர்ச் சாலையின் அடிவாரத்தில் உள்ள கல்லாறும் யானைகள் கடக்கும் வழி. அடிவாரத்தில் காட்டை ஒட்டிய சாலைகளில் இருட்டிலோ தனியாகவோ ஓடாதீர்கள், காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓடவே ஓடாதீர்கள். ஊருக்குள், டீக்கடை திறந்திருக்கும் தெருக்களில் சுற்றிச் சுற்றி ஓடுங்கள். அதில் துணையும் கிடைக்கும். நான் முதல் வாரம் ஓடி முடித்துச் சொட்டச் சொட்டப் போய் நின்றபோது, டீக்கடைக்காரர், "ஏனுங்க தம்பி, மழையே பெய்யல, எங்கீங்க நனைஞ்சீங்க?" என்றார். மறுமுறையிலிருந்து நான் கேட்காமலே உப்புப் போட்ட மோர் எடுத்து வைத்தார்.

தண்ணீரும் உப்பும்

ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன் அரை லிட்டர் போலக் குடித்து, மீந்ததைச் சிறுநீராக விட்டுவிடுங்கள். ஓடும்போது 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை நாலைந்து வாய், 150 மில்லி அளவு. போன வியர்வை முழுவதையும் ஓடிக்கொண்டே ஈடுகட்ட முடியாது, அது தேவையும் இல்லை. எடையில் 2 சதவீதத்துக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். 60 கிலோ என்றால் 1.2 கிலோ.

ஆனால் பயந்துபோய் ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் இரண்டு டம்ளர் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். மெதுவாக ஓடும் புதியவர்களுக்கு இது மெய்யான ஆபத்து. வெறும் தண்ணீர் அளவுக்கு மீறினால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். விரல் வீங்கி மோதிரம் இறுகும், தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். சில சமயம் உயிருக்கே ஆபத்து. ஓடி முடித்தபின் எடை ஏறியிருந்தால், குடித்தது அதிகம் என்று பொருள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் தண்ணீரோடு உப்பும் போக வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நல்லது. பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். பாதி பாதியாகப் போடாதீர்கள். வீட்டிலேயே செய்ய ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, எல்லாம் தலைதட்டிய அளவு. ஓட்டத்துக்குப் பிறகு உப்பு மோர், நீராகாரம் இரண்டும் அருமை. இளநீரை எல்லோரும் நம்புகிறார்கள். அதில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். அதனால் இளநீர் குடித்தால் கூடவே உப்பிட்ட கடலையும் சாப்பிடுங்கள். ஓடி முடித்தபின் தொப்பியின் ஓரத்தில் வெள்ளைக் கோடு படிந்திருந்தால் உங்கள் வியர்வையில் உப்பு அதிகம். இந்தப் பகுதி உங்களுக்கு மற்றவர்களைவிட முக்கியம்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள், உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

உடை

வெளிர் நிறம், மெல்லிய செயற்கை இழைப் பனியன். பருத்தி நனைந்தால் கனக்கும், காயாது. அக்குள், தொடை இடுக்கு, மார்பு ஆகிய இடங்களில் வாசலின் தடவுங்கள். மேலே இவ்வளவு வியர்க்காததால் தோல் உரசிப் புண்ணாவது நமக்குத் தெரியாத வலி.

ஓட்டத்துக்கு முந்தைய வாரமும் அந்த நாளும்

பழக்கம் பிடித்துவிட்டதே என்று பதினைந்து நாள் மலையில் உட்கார்ந்துவிடாதீர்கள். கிடைத்த பழக்கம் ஒரு வாரத்திலேயே தேயத் தொடங்கும், மூன்று நான்கு வாரத்தில் பெரும்பகுதி போய்விடும். கடைசியாகக் கீழே ஓடியதற்கும் ஓட்ட நாளுக்கும் இடையில் நான்கைந்து நாளுக்கு மேல் இடைவெளி வேண்டாம். முந்தைய வாரத்தில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்திருந்தால், எவ்வளவு பயிற்சி செய்திருந்தாலும் அந்த ஓட்டத்தை விட்டுவிடுங்கள். வெப்பத் தாக்குக்கு (ஹீட் ஸ்ட்ரோக்) அந்த உடம்பு எளிதில் இலக்காகும்.

தொடங்கும் இடத்துக்குக் குளிர்ந்த தண்ணீரும், ஐஸ் போட்ட துண்டும் கொண்டுபோங்கள். உடம்பைச் சூடேற்றும் பயிற்சி ஐந்து நிமிடம் நடந்தால் போதும். நம் ஊர்போல இருபது நிமிடம் தேவையில்லை. முதல் ஐந்து கிலோமீட்டரில் பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டு போங்கள். பேச்சு துண்டு துண்டானால் வேகத்தைக் குறையுங்கள். இதயத்துடிப்பு காட்டும் கடிகாரம் இருந்தால், கீழே பயிற்சி செய்த நாட்களில் பார்த்த எண்ணைத் தாண்டவிடாதீர்கள். ஊரில் பார்த்த எண் இங்கே உதவாது. சூரியன் எழுந்ததும் கணக்கு மாறும். கட்டட நிழல், மர நிழல் விழும் பக்கமாக ஓடுங்கள். தண்ணீரைத் தலையிலும் பிடரியிலும் ஊற்றலாம், ஷூவில் வழியவிடாதீர்கள்.

எப்போது நிற்க வேண்டும் என்பதை ஓடத் தொடங்குமுன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் மூளை சரியாக வேலை செய்யாது. வெயிலில் குளிர் நடுக்கம், மயிர் சிலிர்ப்பு, தலைசுற்றல், குமட்டல்: இதில் ஒன்று வந்தாலும் ஓடாதீர்கள். நிழலுக்குப் போங்கள், பனியனைக் கழற்றுங்கள், உடம்பை நனைத்துக் காற்று வாங்குங்கள்.

பக்கத்தில் ஓடுபவர் தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, காரணமில்லாமல் எரிந்துவிழுந்தாலோ அது வெப்பத் தாக்காக இருக்கலாம்; உள்ளுடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வியர்வை நின்று தோல் வறண்டால்தான் வெப்பத் தாக்கு என்பது ஓடுபவர்கள் விஷயத்தில் தவறு. வியர்வை வழிந்துகொண்டிருக்கும்போதே வரும். 108ஐ அழைக்கச் சொல்லிவிட்டு அந்த நொடியே குளிர்விக்கத் தொடங்குங்கள். ஐஸ் தண்ணீர்த் தொட்டி இருந்தால் தலையை மட்டும் வெளியே பிடித்துக்கொண்டு உடம்பை அதில் இறக்க வேண்டும். இல்லையென்றால் வாளி வாளியாக உடம்பு முழுக்க ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்கும் நிமிடங்கள்தான் மூளையையும் ஈரலையும் கெடுப்பவை. நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

நல்லபடியாக முடித்தீர்கள் என்றால், உடனே ஊருக்குப் பஸ் ஏறாதீர்கள். நிழலில் ஒரு மணி நேரமாவது இருந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, சிறுநீர் வெளிர் மஞ்சளாக வரும்வரை பாருங்கள். பழுப்பாக, டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தால் நேராக மருத்துவமனை. பிறகு தலையைத் துவட்டி, ஈரப் பனியனைக் கழற்றிவிட்டுக் காய்ந்த உடுப்புக்கு மாறுங்கள். ஜெர்கினைப் பையின் அடியில் வைக்காமல் மேலாக வையுங்கள். மேட்டுப்பாளையம் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் ஜன்னல் வழியாக அந்தக் குளிர் உள்ளே வரும்.